வாசகர் கேள்வி பதில்: ஒருவித்திலை என்றாலே டம்பெல்தானா?

ரப்பர் பால்வெட்டுக்கு ஆட்கள் ஏன் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்ற கேள்விக்குப் போன இதழில் பதில் எழுதியிருந்தேன். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும், மரத்துக்குள் தண்ணீர் அழுத்தம் நிறைந்து நிற்கும், அந்த நேரத்தில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் துளைகள் திறந்து தண்ணீர் ஆவியாகும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும் என்பதுதான் அதன் சாரம். துளையின் இரு பக்கமும் நின்று அதைத் திறந்து மூடும் காப்புச் செல்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி (மார்த்தாண்டம், பிளஸ் ஒன் மாணவி): சார், இருவித்திலைத் தாவரங்களில் காப்புச் செல்கள் அவரை விதை வடிவம், ஒருவித்திலைத் தாவரங்களில் டம்பெல் வடிவம் என்று எங்கள் நோட்ஸில் இருக்கிறது. லேபில் ரியோ என்ற அழகுச்செடியின் இலையை உரித்துப் பார்த்தோம். ரியோ ஒருவித்திலை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது அவரை விதை வடிவம்தான். ரெக்கார்டு நோட்டில் டம்பெல் வரையவா, பார்த்ததை வரையவா?

பதில்: பார்த்ததை வரை மக்கா. நோட்ஸில் இருக்கிற வரி அவசரத்தில் எழுதியது. டம்பெல் வடிவம் ஒருவித்திலைத் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் பொது கிடையாது, அது புல் குடும்பத்துக்கு உரியது. நெல், கரும்பு, மூங்கில், மக்காச்சோளம், அறுகம்புல் எல்லாம் இதில் வரும். புல்லுக்கு நெருங்கிய உறவான கோரைக் குடும்பத்திலும் அதே அமைப்பைப் பார்க்கலாம். வாழை, தென்னை, இஞ்சி, மஞ்சள், சேம்பு, அன்னாசி, வெங்காயம், ஆர்க்கிட் இவையெல்லாம் ஒருவித்திலைதானே, ஒன்றிலாவது டம்பெல் இருக்கிறதா என்றால் இல்லை. மட்டியோ ஏத்தனோ செந்துளுவனோ, எந்த வாழை இலையை உரித்துப் பார்த்தாலும் ரியோவில் நீ பார்த்த அதே அவரை விதை வடிவம்தான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஒருவித்திலைக்கு எடுத்துக்காட்டு என்றால் புத்தகம் எழுதுகிறவர்கள் கை தானாகவே நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும்தான் போகும். இரண்டும் புல். புல்லில் பார்த்ததை அப்படியே தூக்கி ஒருவித்திலை முழுவதுக்கும் போட்டுவிட்டால், வாழையும் தென்னையும் நிறைந்த இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இலையை உரித்துப் பார்க்கும்போது முழிக்கத்தான் வேண்டும்.

லேபில் ரியோவையே எடுப்பதற்குக் காரணம் அது காட்டும் படம் அவ்வளவு தெளிவு. இலையின் அடிப்பக்கம் ஊதா. அதை உரித்து வைத்தால் ஊதாச் செல்களுக்கு நடுவில் நிறமில்லாத நாலு துணைச் செல்கள், அவற்றுக்கு நடுவே பச்சைப் புள்ளிகளோடு இரண்டு காப்புச் செல்கள், அந்த இரண்டுக்கும் இடையில் துளை. சாயம் எதுவும் தேவையில்லை. அடுத்த தடவை அந்தத் துண்டின் ஓரத்தில் கெட்டியான உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பார். தண்ணீர் வெளியேறிக் காப்புச் செல்கள் தளர்ந்து துளை மூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்புறம், நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதிலும் நோட்ஸ் தடுமாறும். வெளிச்சம் பட்டதும் காப்புச் செல் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது, பொட்டாசியம் உள்ளே வருகிறது, அதன் பின்னால் தண்ணீர் வருகிறது, செல் உப்புகிறது. பொட்டாசியத்தின் பங்கை ஜப்பானில் இமாமுரா 1943-லேயே கவனித்திருந்தாலும் உலகம் அதை ஏற்றுக்கொள்ள 1960-களின் கடைசி ஆகிவிட்டது. இதெல்லாம் சரி, இரண்டு செல்லும் உப்பினால் நடுவில் இருக்கிற இடைவெளி அடைபடத்தானே வேண்டும், ஏன் திறக்கிறது? துளையை ஒட்டிய உள்சுவர் தடிமனாக இருப்பதால் என்று எழுதச் சொல்லியிருப்பார்கள். தடிமனுக்கும் பங்கு உண்டு, ஆனால் முக்கியமான காரணம் வேறு. செல்லைச் சுற்றிச் செல்லுலோஸ் இழைகள் வளையம் வளையமாக ஓடுகின்றன. அதனால் செல் அகலத்தில் பெருக முடியாது, நீளத்தில்தான் பெருக முடியும். இரண்டு செல்களும் முனையில் ஒட்டியிருப்பதால் நீளுகிற செல் வெளிப்பக்கமாக வளைந்தே ஆகவேண்டும், நடுவில் துளை விழும். ஏலர், பார்லாஞ்ச், கிரிகோரியன் என்ற மூன்று பேர் 1973-இல் இதை பலூன் மாதிரிகளை வைத்தே காட்டினார்கள். நீயும் இரண்டு நீள பலூன்களுக்குக் குறுக்கே வரிசையாக டேப் சுற்றி, முனைகளைச் சேர்த்துக் கட்டி ஊதிப் பார்க்கலாம்.

புல்லில் கதை வேறு. டம்பெல்லின் இரண்டு முனைகளும் மெல்லிய சுவர் உள்ள குமிழ்கள், நடுப்பகுதி தடித்த சுவரோடு வளையாத தண்டு. உள்ளே இருக்கும் உட்கரு கூட அதே அச்சில், இரண்டு பக்கமும் உப்பி நடுவில் நூலாக இழுத்துக்கொண்டு கிடக்கும். திறக்கும் நேரத்தில் முனைக் குமிழ்கள் மட்டும் உப்பும், நடுத்தண்டுகள் வளையாமல் அப்படியே ஒன்றைவிட்டு ஒன்று விலகும். குமிழ்கள் கொஞ்சம் வீங்கினாலே துளை நல்ல அகலத்துக்குத் திறந்துவிடும்.

ஒருவித்திலை என்று கண்டுபிடிக்க வடிவத்தைவிட வரிசை நல்ல அடையாளம். இணை நரம்பு உள்ள இலைகளில் துளைகள் எல்லாம் இலையின் நீளவாக்கில் வரிசை பிடித்து ஒரே திசையில் கிடக்கும். அவரையிலோ செம்பருத்தியிலோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. சேம்பு, காச்சில் போல வலை நரம்புள்ள ஒருவித்திலைகளில் இந்த வரிசையும் கலைந்திருக்கும் என்பதையும் நினைவில் வை. தேர்வில் "புல் வகைகளில் டம்பெல் வடிவம்" என்று எழுது, யாரும் மார்க்கைக் குறைக்க முடியாது.

கேள்வி (பூதப்பாண்டி, விவசாயி): மத்தியான வெயிலில் வயலில் தண்ணீர் குறைந்தால் நெல் இலை சுருளுகிறது. வாழை இலை இரண்டு பக்கமும் தொங்கி மடங்குகிறது. இதுவும் நீங்கள் சொன்ன காப்புச் செல் செய்யும் வேலைதானா?

பதில்: இல்லை அண்ணாச்சி, அந்த இரண்டுக்கும் வேறு வேறு செல்கள். நெல் இலையின் மேல்தோலில் பெரிதான, மெல்லிய சுவர் உள்ள செல்கள் வரிசையாக இருக்கும், தண்ணீர் குறைந்தால் அவை முதலில் சுருங்கி இலையை உள்நோக்கிச் சுருட்டும். வாழையில் நடுநரம்பின் இரண்டு ஓரத்திலும் உள்ள திசு தளர்வதால் இலை தொங்குகிறது. உங்கள் கண்ணுக்கு இலை சுருளுவது தெரிகிற நேரத்தில் காப்புச் செல்கள் பெரும்பாலும் தங்கள் வேலையை ஆரம்பித்திருக்கும். வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடிக்குள் கூடும், அது வந்ததும் காப்புச் செல் பொட்டாசியத்தை வெளியே விட்டுத் தளரும், துளை சாத்தப்படும்.

நெல்லைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். புல் வகைகளின் துளைகள் மற்றச் செடிகளுடையதைவிட வேகமாகத் திறந்து மூடக்கூடியவை. மேகம் வந்து வெளிச்சம் குறைந்தால் சட்டென்று சாத்தித் தண்ணீரை மிச்சப்படுத்தும், மேகம் விலகினால் மறுபடி திறக்கும். டம்பெல் வடிவம் மட்டும் இதற்குக் காரணமில்லை. காப்புச் செல்லுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துணைச் செல் ஒட்டி நிற்கிறது, அது பொட்டாசியத்தைக் காப்புச் செல்லுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சுருங்கி இடமும் விடுகிறது. மூடும்போது தலைகீழ். பிராக்கிப்போடியம் என்ற சின்னப் புல்லில், துணைச் செல் உருவாகத் தேவையான மியூட் என்ற மரபணு பழுதானால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். துணைச் செல் இல்லாமல் போனால் துளை அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை, வேகமும் போய்விட்டது. ஆக நாஞ்சில் நாட்டு வயலில் நிற்கிற நெல்லுக்கும் வரப்பில் நிற்கிற வாழைக்கும் துளை ஒன்றுதான் என்றாலும் அதைத் திறக்கிற ஏற்பாடு ஒன்றில்லை.

கேள்வி (குலசேகரம், இல்லத்தரசி): எங்கள் கிணற்றுச் சுவர் முழுக்க பெரணியும் பாசியும். இந்த மாதிரிப் பழைய காலத்துச் செடிகளுக்கும் இலைத்துளை உண்டா? எல்லாம் ஒரே மாதிரிதானா?

பதில்: நல்ல கேள்வி அம்மா, இதற்குக் கொஞ்சம் விரிவாகப் போகவேண்டும்.

சுவரில் பச்சை மெத்தையாகப் படர்ந்திருப்பது மாஸ் வகையாக இருந்தால், அதன் குட்டி இலைகளில் துளை கிடையாது. ஒரே ஒரு அடுக்குச் செல்லால் ஆன இலை, அதில் எங்கே துளை வைப்பது? ஆனால் மழைக்குப் பிறகு அந்த மெத்தையிலிருந்து மெல்லிய காம்பும் அதன் நுனியில் ஒரு சின்ன உறையும் எழுந்து நிற்குமே, ஸ்போர்கள், அதாவது விதை போலப் பரவும் நுண்துகள்கள், உள்ள அந்த உறையின் அடிப்பகுதியில் துளை இருக்கும். எல்லா மாஸிலும் இல்லை, பலவற்றில் உண்டு. கல்லூரிப் பாடத்தில் வரும் ஃபியூனேரியா என்ற மாஸில் ஒரு வினோதம்: துளையைச் சுற்றி இரண்டு செல் இருக்காது, நடுவில் ஓட்டையோடு ஒரே செல்தான் வட்டமாகச் சுற்றி நிற்கும். இரண்டாகப் பிரிய ஆரம்பித்து, நடுச்சுவர் முழுதாக வராமலேயே நின்றுவிட்டது, அதனால் உள்ளே இரண்டு உட்கரு. முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் வரைந்தவர் ஒரு கோட்டை விட்டுவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

மாஸுக்கு இந்தத் துளை எதற்கு என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. பெரிய செடிகள் காற்றை உள்ளே எடுக்க, தண்ணீரைக் கட்டுப்படுத்தத் துளையை வைத்திருக்கின்றன. மாஸில் ஸ்போர் உறை நேரத்துக்குக் காய்ந்து வெடிக்க அது உதவுகிறது. துளையே உருவாகாதபடி மரபணுவை மாற்றிய ஒரு மாஸில் உறை வெடிப்பது தாமதமானது என்று 2016-இல் காட்டினார்கள். ஸ்பேக்னம் என்ற சதுப்பு நில மாஸில் காப்புச் செல் ஜோடி மட்டும் உண்டு, நடுவில் துளையே விழாது. கொம்புப் பாசி என்ற இன்னொரு கூட்டத்தில் துளை ஒரு தடவை திறக்கும், அதோடு காப்புச் செல்கள் செத்துப்போகும், மறுபடி மூடுகிற பேச்சே இல்லை. ஈரக் கல்லில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் மார்கான்ஷியா போன்ற ஈரல் பாசிகளில் மேலே புள்ளி புள்ளியாகக் காற்றுத் துளைகள் தெரியும், அவற்றுக்குக் காப்புச் செல் கிடையாது; நாலைந்து அடுக்குச் செல்கள் பீப்பாய் வடிவில் சுற்றி நிற்பவை அவை. அதை இலைத்துளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இனி பெரணி. இலையின் அடிப்பக்கத்தில் அவரை விதை வடிவத்தில் இரண்டு காப்புச் செல்கள், பார்வைக்கு வாழையிலும் அவரையிலும் பார்ப்பது போலவேதான். பல பெரணிகளில் சுற்றி இருக்கும் சாதாரணத் தோல் செல்களிலும் பசுங்கணிகம், அதாவது பச்சையம் உள்ள நுண்ணுறுப்பு, இருப்பதால் ரியோவில் தெரிவது போல் காப்புச் செல் மட்டும் பச்சையாகத் தனித்துத் தெரியாது. காப்புச் செல்லுக்குள்ளும் பசுங்கணிகம் ஏராளம். வித்தியாசம் நடத்தையில். பூக்கும் செடிகளில் காப்புச் செல்லை நீல வெளிச்சம் தனியாகத் தூண்டித் திறக்க வைக்கும். பெரும்பாலான பெரணிகளில் அந்த நீல ஒளித் தூண்டல் கிடையாது.

வறட்சியில் பெரணி எப்படி மூடுகிறது என்பதில்தான் பெரிய சண்டை. 2011-இல் டாஸ்மேனியாவில் பிராட்ரிப், மெக்ஆடம் என்ற இரண்டு பேர், பெரணிகள் அப்சிசிக் அமிலத்தைக் கேட்பதில்லை, இலையில் தண்ணீர் குறைந்ததும் காப்புச் செல் தானாகத் தளர்ந்து மூடுகிறது, ஹார்மோன் வழிக் கட்டுப்பாடு விதைத் தாவரங்களில்தான் வந்தது என்றார்கள். பிறகு வேறு ஆய்வுக்கூடங்கள் சில பெரணிகளில் அந்த ஹார்மோனுக்குத் துளை மூடுவதைப் பார்த்ததாகச் சொல்லின. இன்னும் முடியவில்லை. இனத்துக்கு இனம், வளர்ந்த இடத்துக்கு இடம் மாறக்கூடிய விஷயத்தை எல்லாப் பெரணிக்கும் ஒரே விதியாக எழுதப் பார்ப்பதால்தான் சண்டை நீளுகிறது என்பது என் எண்ணம்.

நீங்கள் "பழைய காலத்துச் செடி" என்று எழுதியது பொருத்தமானது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்தில், சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றுப் பக்கம் வாழ்ந்த செடிகள் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. இலையே இல்லாத வெறும் தண்டுகள். அந்தத் தண்டில் இரண்டு காப்புச் செல்லோடு துளை தெளிவாகத் தெரிகிறது, அவரை விதை வடிவத்தில். அந்தப் பழைய வடிவம்தான் பெரணியிலும் வாழையிலும் அவரையிலும் பலாவிலும் தொடர்கிறது, பிரிந்து போனது புல்தான். மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற இடத்தில் டைனோசர் சாணப் படிமத்தில் புல்லின் சிலிக்கா துகள்கள் கிடைத்ததாக 2005-இல் வெளியானது. புல்லும் அப்படியொன்றும் நேற்று வந்ததில்லை.

கேள்வி (ஈத்தாமொழி, தென்னை விவசாயி): தென்னங்கன்று நடும் குழியில் உப்புப் போடுவது எங்கள் பக்கம் வழக்கம். உப்புக்கும் இலைத்துளைக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். கதையா, நிஜமா?

பதில்: பாதிக்கு மேல் நிஜம் அண்ணாச்சி. காப்புச் செல்லுக்குள் பொட்டாசியம் வந்தால் அது நேர் மின்னூட்டம், அதைச் சரிக்கட்ட எதிர் மின்னூட்டம் உள்ள ஏதாவது வேண்டும். நிறையச் செடிகள் காப்புச் செல்லில் சேர்த்து வைத்த ஸ்டார்ச்சை உடைத்து மாலேட் என்ற பொருளைச் செய்து சரிக்கட்டும். வெங்காயத்தின் காப்புச் செல்லில் ஸ்டார்ச் இல்லை, அது முழுக்க முழுக்க குளோரைடை நம்பியிருக்கிறது. தென்னையும் குளோரைடுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். துணைச் செல்லிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் சேர்ந்தே காப்புச் செல்லுக்குள் போகும், சேர்ந்தே திரும்பும். குளோரைடு பற்றாக்குறை உள்ள தென்னையில் காலையில் துளை திறப்பது ஏறத்தாழ 3 மணி நேரம் தாமதமாகிறது என்று அளந்திருக்கிறார்கள். அத்தனை நேரம் கரியமில வாயு உள்ளே போகாது என்றால் வளர்ச்சியும் காய்ப்பும் அடிபடத்தானே செய்யும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு மூட்டை மூட்டையாக உப்பை விளையில் கொட்டிவிடாதீர்கள். உப்பில் குளோரைடோடு சோடியமும் வருகிறது, அது மண்ணைக் கெடுக்கும். உங்கள் ஊர் கடற்கரைப் பக்கம், கடல் காற்றே குளோரைடைச் சுமந்துகொண்டு வந்து தருகிறது. மலையோரத்தில் விளை வைத்திருப்பவர்களுக்குத்தான் குறைபாடு வர வாய்ப்பு அதிகம், அவர்களுக்கும் உரக்கடையில் கிடைக்கும் சாதாரண பொட்டாஷ் போதும். அது பொட்டாசியம் குளோரைடு, காப்புச் செல் கேட்கிற இரண்டும் ஒரே சாக்கில் இருக்கிறது. எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

கேள்வி (குளச்சல்): கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையை வெட்டி வந்து மரம் வைக்கிறோம். சவுக்கும் பைன் இனம்தானே? ஊசி இலையில் இலைத்துளை எங்கே இருக்கும்?

பதில்: பார்க்கத்தான் பைன் மாதிரி. சவுக்கு பூக்கும் தாவரம், இருவித்திலை. நீங்கள் ஊசி என்று நினைப்பது இலையே இல்லை, மெல்லிய பச்சைக் கிளை. கையில் எடுத்துக் கணுக் கணுவாகப் பிய்த்துப் பாருங்கள், ஒவ்வொரு கணுவிலும் குட்டிப் பற்களாகச் சுற்றி நிற்பவைதான் இலைகள். கிளையின் நீளத்துக்குப் பள்ளக் கோடுகள் ஓடும், துளைகள் அந்தப் பள்ளத்துக்குள் முடிகளுக்கு மறைவில் இருக்கின்றன. கடற்கரை மணலில் காற்றடிக்கிற இடத்தில் நிற்கிற மரத்துக்கு அது தேவைதான்.

நிஜமான ஊசியிலைக் கூட்டத்தைப் பார்க்கவேண்டுமானால் சில வீடுகளின் முன்னால் அடுக்கடுக்காகக் கிளை விட்டு நிற்கும் அரக்கேரியாவைப் பாருங்கள், கிறிஸ்துமஸ் மரம் என்றே நர்சரியில் விற்கிறார்கள். சைகஸும், மலையாளத்தில் ஈந்து என்பார்களே, பூவில்லா விதைத் தாவரம்தான். இந்தக் கூட்டத்தில் காப்புச் செல்கள் தோலின் மட்டத்தில் இருப்பதில்லை, கீழே இறங்கி இருக்கும், துணைச் செல்கள் மேலே வளைந்து மூடி நிற்கும். காப்புச் செல்லின் சுவரில் லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தருகிற பொருள், ஏறியிருக்கும். பூக்கும் தாவரங்களின் காப்புச் செல்லில் இப்படிப் பார்ப்பது அபூர்வம். பல ஊசியிலை மரங்களில் துளைக்கு மேலே இருக்கும் குழியில் மெழுகும் அடைந்திருக்கும், அதனால்தான் இலையில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன.

கேள்வி (தோவாளை): தாமரை இலையில் துளை அடியிலா மேலா?

பதில்: மேலே. அடிப்பக்கம் தண்ணீரில் கிடந்தால் அங்கே துளை வைத்து என்ன பயன்? தாமரையில் இன்னொரு சுவாரஸ்யம்: காம்பு வந்து சேரும் இடத்துக்கு நேர் மேலே, இலையின் நடுவில் வெளிறிய ஒரு வட்டம் தெரியும், அங்கே இருக்கிற துளைகள் மற்ற இடத்தில் இருப்பவற்றைவிடப் பெரியவை. இலைப் பரப்பில் நுழையும் காற்று காம்பு வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போய், திரும்பி வந்து அந்த நடு வட்டத்துத் துளைகள் வழியாக வெளியேறுகிறது. தண்ணீருக்குள்ளேயே வாழும் ஹைட்ரில்லாவுக்குத் துளை தேவையில்லை, இல்லவும் இல்லை. ஜோஸ்டெரா என்ற கடற்புல் துளை செய்யும் மரபணுக்களையே தொலைத்துவிட்டது என்று 2016-இல் அதன் மரபுத் தொகுதியைப் படித்தபோது தெரிந்தது.

கேள்வி (அருமனை): ரப்பருக்கு இடையில் போட்ட அன்னாசி வெயிலில் வாடுவதே இல்லையே?

பதில்: அது பகலில் துளையைச் சாத்திக்கொண்டு இரவில் திறக்கிற செடி. கரியமில வாயுவை இரவில் அமிலமாகச் சேர்த்து வைத்துப் பகலில் எடுத்துப் பயன்படுத்தும். கற்றாழையும் கள்ளியும் இதே ரகம். காப்புச் செல்லின் வடிவத்தில் புதுமை ஒன்றுமில்லை, நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டது.

கேள்வி (தக்கலை, கல்லூரி மாணவர்): காப்புச் செல்லில் பசுங்கணிகம் இல்லாவிட்டால் துளை திறக்காதா?

பதில்: திறக்கும். பாஃபியோபெடிலம் என்ற ஆர்க்கிட் இனத்தில் காப்புச் செல்லில் பச்சையம் இல்லை, இருந்தும் துளை வேலை செய்கிறது என்று 1970-களிலேயே பார்த்துவிட்டார்கள். அந்த இனத்தில் ஒரு செடி இயற்கையாக வளர்வது நமக்குப் பக்கத்து அகத்தியமலைப் பகுதியில் மட்டும்தான்.

கேள்வி (நாகர்கோவில், பள்ளி ஆசிரியை): பிள்ளைகளுக்குப் பலவகைச் செடிகளின் காப்புச் செல்லை ஒப்பிட்டுக் காட்ட ஆசை. எல்லா இலையும் ரியோ மாதிரி உரிய மாட்டேன் என்கிறது. வெங்காயத் தோலை உரித்தால் துளையே தெரியவில்லை.

பதில்: டீச்சர், வெங்காயத்தில் நீங்கள் உரித்தது கிழங்கின் செதிலாக இருக்கும். மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் துளையைத் தேடிப் பயனில்லை, மேலே நிற்கும் பச்சைத் தாளை உரியுங்கள்.

உரியாத இலைக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் போதும். இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு, செல்லோ டேப்பை மேலே ஒட்டி இழுத்தால் தோலின் அச்சு அப்படியே வந்துவிடும், அதை ஸ்லைடில் ஒட்டிப் பார்க்கலாம். அச்சுதான் வரும், பச்சை நிறமோ உட்கருவோ தெரியாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெல், மூங்கில், வயல் கோரை மூன்றையும் ஒரு பக்கம், வாழை, மஞ்சள், சேம்பு ஒரு பக்கம், இட்லிப்பூ, செம்பருத்தி, துளசி ஒரு பக்கம் என்று வைத்துப் பாருங்கள். இட்லிப்பூவில் துணைச் செல் இரண்டும் துளைக்கு இணையாக இருக்கும், துளசியில் குறுக்காக இருக்கும், அதுவும் நல்ல பாடம். நெல் இலையில் பாலிஷ் சரியாகப் பிடிக்காது, முதலில் இலையைப் பஞ்சால் துடைத்து ஈரம் போகக் காயவிடுங்கள்.

அரளியில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அதன் துளைகள் இலையின் அடியில் சின்னச் சின்னக் குழிகளுக்குள், முடிகளுக்குப் பின்னால் இருக்கின்றன, பாலிஷ் அங்கே போய்ச் சேராது. பிளேடால் மெல்லிய குறுக்கு வெட்டு எடுத்துத்தான் பார்க்கவேண்டும். அரளிப் பால் விஷம், அதனால் வெட்டுவதைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே செய்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.